பத்தரை மணிக்கு எங்கே போவது?

சிகரெட்டை விட நினைத்து மருத்துவரிடம் போகிறவர்களிடம் கேட்பதற்கென்று ஒரு சின்ன வினாப்பட்டியல் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம் 1978இல் உருவாக்கியது. 1991இல் திருத்தப்பட்ட வடிவம்தான் இன்று புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் ஆறே கேள்விகள், பத்து மதிப்பெண். நிக்கோட்டின் ஒருவரை எவ்வளவு ஆழமாகப் பிடித்திருக்கிறது என்பதை அளக்க அது போதும் என்கிறார்கள்.

அந்த ஆறில் மூன்று கேள்விகள் காலை நேரத்தைப் பற்றியவை. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? நாளின் மற்ற நேரத்தைவிட எழுந்த முதல் சில மணி நேரத்தில் அதிகம் புகைப்பீர்களா? எந்த சிகரெட்டை விடுவது உங்களுக்கு மிகக் கஷ்டம், காலையின் முதல் சிகரெட்டா, வேறு ஏதாவதா? ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு முதல் கேள்வியில் மட்டும் மூன்று மதிப்பெண். பத்தில் பாதி காலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

காரணம் எளிது. ரத்தத்தில் நிக்கோட்டினின் அளவு சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. ஏழெட்டு மணி நேரம் தூங்கி எழும்போது பத்தில் ஒரு பங்குகூட மிச்சமிருப்பதில்லை. இரவெல்லாம் பட்டினி கிடந்த மூளை கண் விழித்ததும் கேட்கிறது. புகையை இழுத்தால் இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "அது இல்லாம எனக்கு பாத்ரூமே வராதுங்க" என்று சொல்பவர்கள் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

அதே நேரத்தில், அதே பால்கனியில், காசு கேட்காமல் இன்னொன்றும் வந்து நிற்கிறது. காலை வெயில். புகையை விடுபவர்களுக்குக் காலை வெயில் நல்லது என்று இப்போது அடிக்கடி சொல்லப்படுகிறது. அது எந்த அளவுக்கு உண்மை என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க உடல்நலக் கேள்விக்கு அடியில் ஒரு அறக்கேள்வி இருப்பது தெரிந்தது. ஒரு பற்றை விட இன்னொரு பற்றைப் பிடித்துக்கொண்டால் அதை விடுதலை என்று சொல்லலாமா? விட முடியாமல் போனால் அது யாருடைய தோல்வி?

*

"மனசு வச்சா முடியாதா?" புகைப்பவர் ஒருவர் வாழ்நாளில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். மனைவி கேட்பார், அம்மா கேட்பார், பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். கேட்பவர்கள் எல்லோரும் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. விட்டவன் மனசு வைத்தவன், விடாதவன் மனசு வைக்காதவன்.

அரிஸ்டாட்டில் தன் நிகோமாகிய அறவியலின் ஏழாம் நூலில் இதைப் பற்றி நிறையப் பேசுகிறார். அவர் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவருக்குத் தவறான ஆசை எழுகிறது, அவர் அதோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறார். இன்னொருவருக்கு அந்த ஆசை எழுவதே இல்லை. நாம் கைதட்டுவது முதல் ஆளுக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவரைத்தான் நமக்குப் பிடிக்கும். அரிஸ்டாட்டிலோ இரண்டாமவரைத்தான் மேலானவர் என்கிறார். தினமும் குஸ்தி போடுவது நல்வாழ்க்கை ஆகாது. குஸ்தி தேவைப்படாத இடத்துக்கு வந்து சேர்வதுதான் நல்வாழ்க்கை.

இதை ஏற்றுக்கொண்டால் கேள்வியே மாறிவிடுகிறது. இவனுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இவன் நாள் எப்படி அமைந்திருக்கிறது, அதில் எத்தனை குஸ்தி வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கும்.

சபதம் எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ ஸ்வெவோ 1923இல் ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகன் ஸீனோ ஆயுள் முழுக்கக் 'கடைசி சிகரெட்' பிடித்துக்கொண்டே இருப்பவன். நல்ல தேதியாகப் பார்த்து முடிவெடுப்பான், சுவரில் எழுதி வைப்பான், பிடிப்பான். கடைசி என்று நினைத்துப் பிடிக்கும் சிகரெட்டுக்கு ஒரு தனி ருசி இருப்பதை அவன் கண்டுபிடித்துவிடுகிறான். தன்னைத் தானே ஜெயித்துவிட்ட ருசி. அந்த ருசிக்காகவே மறுபடி தொடங்குகிறான். மன உறுதியின் மேல் பாரத்தையெல்லாம் ஏற்றினால், உறுதி எடுப்பதே இன்னொரு போதையாகிவிடும் என்பதை இதைவிடச் சிரிப்பாகச் சொன்னவர்கள் குறைவு.

வேறொரு பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே இருந்தபோது சுமார் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாக இருந்தார்கள். அரசாங்கம் பயந்துபோயிருந்தது. ஆனால் அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர்தான். விமானத்தில் ஏறும்போது யாருக்கும் மன உறுதி ஊசி போடவில்லை. ஹெராயின் மலிவாகக் கிடைத்த ஊர், போர், பயம், சலிப்பு, கூட இருந்து பழக்கியவர்கள், அத்தனையும் பின்னால் போய்விட்டன.

சிகரெட்டை விடுபவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் மறுநாள் காலையும் அதே பால்கனியில்தான் எழுந்து நிற்க வேண்டும். ஊரை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது நாளை மட்டும்தான்.

*

நான் புகைப்பதில்லை. ஆனால் புகைப்பவர்களோடு நிறைய நின்றிருக்கிறேன். சோழிங்கநல்லூர் சிக்னலிலிருந்து சிறுசேரி வரைக்கும் எந்த ஐடி வளாகத்தின் கேட்டைத் தாண்டினாலும் ஒரு டீக்கடை இருக்கும். கடை முகப்பில் நூல் கட்டித் தொங்கும் லைட்டர், தண்ணீர் கேன், ஒற்றை சிகரெட்டும் தேன் மிட்டாயும் விற்கும் ஒருவர். பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை வந்தபோது, படிக்கட்டிலும் கழிப்பறையிலும் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கட்டடத்துக்கு வெளியே வந்தார்கள். சட்டம் யோசித்திராத ஒரு விளைவு அதில் உண்டு. புகைப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை வானத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. புகைக்காதவன் மேசையிலேயே உட்கார்ந்திருந்தான்.

"சும்மா வெளிய நின்னுட்டு வரேன்" என்று மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார். "தம் போட்டுட்டு வரேன்" என்றால் தலையாட்டிவிடுவார். வேலைக்கு நடுவே ஒரு மனிதன் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு நம் அலுவலகங்கள் ஏற்றுக்கொண்ட ஒரே அனுமதிச் சீட்டு சிகரெட்தான்.

எங்கள் டெஸ்டிங் டீமில் ஒரு அண்ணன் இருக்கிறார். தென்காசிப் பக்கம். நாற்பத்தைந்து வயது, இருபது வருடப் பழக்கம், நாளைக்குப் பதினைந்து. நான்கு தடவை விட்டு நான்கு தடவையும் திரும்பி வந்தவர். ஐந்தாவது தடவை விட்டபோது இரண்டாம் நாள் என்னிடம் சொன்னார்: "சிகரெட்ட விடுறது பெரிசில்ல தம்பி. பத்தரை மணிக்கு எங்க போறதுன்னுதான் தெரியல."

நான் அதைப் பல நாள் யோசித்தேன். சிகரெட்டோடு சேர்ந்து அவரிடமிருந்து போனவை என்னென்ன? வெளியே நடப்பது போனது. வெளிச்சம், நான்கு பேரோடு நிற்பது, ஆழமாக மூச்சிழுப்பது, கைக்கு ஒரு வேலை, நாளை நான்கு துண்டாக வெட்டும் இடைவெளி எல்லாம் போயின. இவற்றில் ஒன்றுகூடக் கெட்டது கிடையாது. கெட்டதாக இருந்தது புகை மட்டும்தான். நாம் விடச் சொல்லும்போது மொத்தக் கட்டையும் சேர்த்து விடச் சொல்கிறோம்.

அந்தத் தடவை அவர் ஒரு காரியம் செய்தார். காலை ஆறரை மணிக்குப் பால்கனியில் முதல் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், துணி காயப்போடும் வேலையை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டார். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, மொட்டைமாடிக் கொடியில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக் கிளிப் குத்திவிட்டு இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். "இப்பதான் வீட்டுக்கு உபயோகமா ஒரு பழக்கம் பிடிச்சிருக்கீங்க" என்றாராம் அவர் மனைவி. ஏழு மாதம் அவர் புகைக்கவில்லை.

*

அந்த மொட்டைமாடியில் அவருக்குக் கிடைத்தது என்ன? மிகைப்படுத்தாமல் பார்க்கலாம்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். நல்ல விளக்குள்ள அலுவலகத்தில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். காலையில் சூரியன் சற்று மேலேறிய பிறகு திறந்தவெளி நிழலில் நின்றாலே பல ஆயிரம். உச்சி வெயிலில் ஒரு லட்சம். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. மதியக் காட்சி முடிந்து தியேட்டரை விட்டு வெளியே வரும் அந்த ஒரு கணத்தில் மட்டும் தெரியும்.

கண்ணுக்கு உறைக்காவிட்டாலும் உடலுக்குத் தெரிகிறது. விழித்திரையில் உருவங்களைப் பார்க்க உதவும் செல்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட ஒருவகை நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவை தாமாகவே வெளிச்சத்தை உணரும் என்பதை டேவிட் பெர்சனும் அவரது குழுவும் 2002இல் காட்டினார்கள். அவற்றின் முக்கிய வேலை, இப்போது பகலா இரவா என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வது. அந்தக் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு இருபத்துநான்கு மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடுவது. தினமும் திருத்தி வைக்காவிட்டால் பின்தங்கும். காலை வெளிச்சம் முள்ளை முன்னால் தள்ளி வைக்கிறது. அன்றிரவு தூக்கம் நேரத்தோடு வருகிறது.

புகையை விட்டவருக்கு இது ஏன் முக்கியம்? விட்ட முதல் வாரத்தில் சிடுசிடுப்பு, மனச்சோர்வு, கவனம் நிற்காமை, தூக்கக் குலைவு எல்லாம் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் தணியும். திரும்பப் பற்றவைப்பவர்களில் நிறையப் பேர் இந்த வாரங்களில்தான் விழுகிறார்கள். இவற்றில் இரண்டின் மேல், அதாவது தூக்கத்தின் மேலும் மனநிலையின் மேலும், வெளிச்சம் வேலை செய்யக்கூடியது. கனடாவில் ரேமண்ட் லாம் குழுவினர் 122 மனச்சோர்வு நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. எழுந்தவுடன் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்காரவைத்தார்கள். எட்டு வாரத்தில் போலி சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு நல்ல முன்னேற்றம். அது விளக்கு, இது வெயில். அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள், இவர் சிகரெட்டை விட்டவர். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் காலை வெளிச்சம் மனதைத் தொடும் என்பது வெறும் கவிதை இல்லை என்பதற்கு இது போதும்.

இடையில் டீயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புகையில் இருக்கும் சில ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் காபீனைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவர் உடலில் டீ, காபியின் காபீன் சீக்கிரம் காலியாகிவிடும். விட்ட சில நாட்களில் அந்த வேகம் குறைகிறது. பிறகு அதே ஐந்து டீ உடம்புக்குள் அதிக நேரம் நிற்கும். "சிகரெட்ட விட்டதுலேர்ந்து ஒரே படபடப்பு, தூக்கமே இல்ல" என்பவர்களின் படபடப்பில் ஒரு பகுதி டீயுடையதாக இருக்கலாம். அண்ணன் ஐந்தை மூன்றாக்கினார். டீக்கடைக்குப் போவதே குறைந்ததால் அது தானாகவும் நடந்தது.

மாடி ஏறுவதும் ஒரு பங்கு செய்திருக்கும். ஐந்து பத்து நிமிடம் வேகமாக நடந்தாலே அந்த நேரத்துப் புகை ஆசை மட்டுப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆசையும் அலை மாதிரிதான். எழும், சில நிமிடத்தில் இறங்கும். அந்தச் சில நிமிடம் நிற்க ஓர் இடம் வேண்டும்.

இனி, சொல்லப்படுபவற்றில் சரியில்லாதவை. காலை ஏழு மணி வெயிலில் வைட்டமின் டி கொட்டும் என்கிறார்கள். தோலில் வைட்டமின் டி உருவாக புற ஊதா 'பி' கதிர் வேண்டும். சூரியன் சாய்வாக இருக்கும்போது அது காற்றுமண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். அது கிடைப்பது நண்பகலை ஒட்டிய நேரத்தில். வெயில் நுரையீரலைச் சுத்தம் செய்யும் என்பதும் கதைதான். அந்தப் பழுதுபார்ப்பை நுரையீரல் தானே செய்துகொள்ளும், அதற்கு நாம் செய்ய வேண்டியது புகையை நிறுத்துவது. சூரியனை நேராக உற்றுப் பார்ப்பது கண்ணைக் கெடுக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் புகையிலையை விட உதவும் மருந்துகளாகச் சொல்வது நான்கு: வரெனிக்ளின், நிக்கோட்டின் மாற்றுப் பொருட்கள், புப்ரோபியான், சைடிசின். அவற்றோடு ஆலோசனை. அந்தப் பட்டியலில் வெயில் இல்லை. நம் நாட்டில் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது. வெயில் இவற்றுக்குத் துணை, மாற்று ஆகாது.

இவ்வளவு கறாராக எதற்கு, நல்லதுதானே, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்லலாம் என்ற பழைய வாதம். புகையை விட முயல்பவர் விஷயத்தில் இது குறிப்பாகச் செல்லாது என்று நினைக்கிறேன். அவர் பல வருடங்களாகத் தனக்குத் தானே "நாளையிலேர்ந்து" என்று சொல்லிவந்தவர். பொய்யான வாக்குறுதி உடையும் சத்தம் அவருக்கு நன்றாகப் பழக்கம். வெயிலில் நின்றால் ஆசையே வராது என்று சொல்லி அனுப்பினால் மூன்றாம் நாள் ஆசை வரும். அன்றைக்கு அவர் நம் பேச்சோடு சேர்த்து வெயிலையும் தூக்கி எறிந்துவிடுவார். உள்ளது கொஞ்சமாக இருந்தாலும் உள்ளபடி சொன்னால்தான் அது மூன்றாம் நாளைத் தாண்டும்.

*

"அப்ப சிகரெட்டுக்குப் பதிலா மொட்டைமாடி. ஒரு போதையிலேர்ந்து இன்னொரு போதை, அவ்வளவுதானே?" இதுவும் அதே நண்பர்தான். கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. ஊன்றுகோல் இல்லாமல் நடப்பவன்தான் நடக்கத் தெரிந்தவன், மற்றவன் கோலை மாற்றிக்கொண்டவன் என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

இரண்டு பற்றுகளையும் எடைபோட எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். அது நிரப்பும் பள்ளத்தைத் தோண்டியது யார்?

சிகரெட் மனதை அமைதிப்படுத்துகிறது என்பது பொய் இல்லை. பிடித்தவருக்கு நிஜமாகவே அமைதி கிடைக்கிறது. ஆனால் அந்தப் பதற்றத்தின் பெரும்பகுதி, முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் இறங்கியதால் வந்தது. ஜெம்மா டெய்லர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்டார்கள். புகையை விட்டவர்களுக்கு, தொடர்ந்து பிடித்தவர்களோடு ஒப்பிட, பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. அதாவது எதற்காகப் பிடிக்கிறோம் என்று நினைத்தார்களோ அது, பிடிப்பதை நிறுத்தியதும் குறைந்திருக்கிறது. கந்துவட்டிக்காரன் வேலை இது. காலையில் கடன் கொடுப்பான். மாலையில் வட்டி கட்ட முடியாமல் நிற்கும்போது, அந்த வட்டியைக் கட்டவும் அவனே கடன் கொடுப்பான். கை நிறையக் காசு வந்த மாதிரியே இருக்கும்.

வெயில் நிரப்பும் பள்ளம் வெயில் தோண்டியது கிடையாது. நாம் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்ததால் வந்தது. ஒரு நாள் மாடிக்குப் போகாவிட்டால் கை நடுங்காது. மழை பெய்தால் துணியை வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். நேற்று இருபது நிமிடம் போதுமாக இருந்தது, இன்று நாற்பது வேண்டும் என்று அது விலையை ஏற்றாது.

திருக்குறளில் துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளை, 350ஆவது குறளை, நான் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வதுண்டு. துறவைப் பற்றிய அதிகாரம், 'ஒன்றையும் பற்றாதே' என்று முடியும் என எதிர்பார்ப்போம். வள்ளுவர் பற்றை விடுவதற்காகவே ஒரு பற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி முடிக்கிறார். வெறுங்கையோடு விடு என்று மனிதனிடம் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எதைப் பிடித்துக்கொள்வது என்பதற்கும் நிபந்தனை வைக்கிறார். அது பற்றற்றதாக இருக்க வேண்டும். உரைகள் அதை இறைவன் என்று கொள்கின்றன. இறை நம்பிக்கை அவ்வளவாக இல்லாத நான் அந்த நிபந்தனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாம் பிடித்துக்கொள்வது நம்மைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளாத ஒன்றாக இருக்க வேண்டும். நாம் அறிந்தவற்றில் வெயில் அதற்கு மிக அருகில் வருகிறது. வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு ஒன்றும் இல்லை.

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் பதில் இது. எதன்மேலும் சாயாமல் நிற்பவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. ஒருவர் அம்மாமேல் சாய்கிறார், ஒருவர் வேலைமேல், ஒருவர் ஆறு மணி டீமேல். எதன்மேல் சாய்வது என்று தேர்ந்தெடுக்க முடிவதையே சுதந்திரம் என்று சொல்வேன். ஆனால் தேர்ந்தெடுக்க முடியாமல் போனால்?

*

ஏழாவது மாதத்தின் முடிவில் அண்ணனின் ப்ராஜெக்ட் மாறியது. அமெரிக்க மேற்குக் கரை வாடிக்கையாளர். மாலை ஆறரை முதல் அதிகாலை மூன்றரை வரை ஷிஃப்ட். கேப் வீட்டுக்கு வந்து இறக்கிவிடும்போது நாலரை. அப்படி வருபவருக்கு ஆறு மணி வெளிச்சம் தொந்தரவு. அது தூங்கப்போகும் உடலிடம் எழுந்திரு என்று சொல்லும். அவருக்கு அப்போது தேவை இருட்டு. தடித்த திரை போட்டுக்கொண்டு மதியம் வரை தூங்கினார். துணி காயப்போடும் வேலை மனைவியிடமே திரும்பிப் போனது.

மூன்றாவது வாரம், இரவு ஒரு மணி இடைவேளையில், கேட்டுக்கு வெளியே சைக்கிளில் ஃப்ளாஸ்க் வைத்து டீ விற்பவரிடம் ஒரு சிகரெட் வாங்கினார். அடுத்த வாரம் நாளைக்கு ஆறு.

அதே மாதத்தில் அலுவலகத்தின் நலவாழ்வுக் குழுவிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அழகான படம், ஐந்து அறிவுரைகள். அவற்றில் ஒன்று, தினமும் காலையில் இருபது நிமிடம் சூரிய ஒளியில் நில்லுங்கள். அண்ணன் அதை எனக்கு அனுப்பி மேலே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பி, எந்தக் காலை?"

அவர் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. நேரில் கேட்டபோது, "பத்தவச்சது நான்தானே" என்றார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்காக மீதிப் பேர் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது. ஒருவர் தன் நாளைக் கவனமாக அடுக்கி, சாய்வதற்கு ஒரு சுவரைக் கண்டுபிடித்திருந்தார். சுவர் இருந்த இடத்தில் வேறொன்றைக் கட்டியது அவர் இல்லை. மன உறுதியை மட்டுமே பேசும் மொழியில் இந்த இரண்டாவது உண்மையைச் சொல்ல இடமே இல்லை. அந்த மொழியில் அவர் ஐந்தாவது தடவையாகத் தோற்றவர், அவ்வளவுதான்.

அவராவது ஐடி வேலைக்காரர். குடியிருப்பு வாசலில் இரவு முழுக்க உட்கார்ந்து பீடியால் தூக்கத்தை விரட்டும் வாட்ச்மேன், கோயம்பேட்டுக்கு இரவில் காய்கறி ஏற்றி வரும் லாரி ஓட்டுநர், இவர்களுடைய காலைகளை எல்லாம் யாரோ முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். வெயில் இலவசம் என்கிறோம். வெயில் இலவசம்தான். அதில் நிற்கும் நேரத்துக்கு விலை இருக்கிறது. அந்த நேரத்தை விலைக்கு வாங்கியவர்களுக்கு, இருபது நிமிடம் வெயிலில் நில் என்று அறிவுரை சொல்ல என்ன உரிமை?

இரவு வேலையே கூடாது என்று சொல்லவரவில்லை. மருத்துவமனையும் மின்நிலையமும் இரவில் ஓடித்தான் ஆக வேண்டும். ஆனால் இரவு வேலையைச் சுழற்சியில் பகிர முடிந்த இடங்களில் பகிரலாம். பகலில் தூங்கி எழுபவருக்கு எழுந்த நேரம்தான் காலை. மதியம் ஒரு மணியானாலும் அவர் வெளியே வந்து சற்று நடக்க நேரம் இருக்கும்படி கேப்பை அனுப்பலாம். பகலில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடச் சுலபம். சிகரெட் இல்லாமலும் வெளியே போய் நிற்கலாம் என்று ஒரு மேலாளர் வாய்விட்டுச் சொன்னால் போதும். கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்கு எதிர்ப்பக்கம், வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்ச் போட எவ்வளவு ஆகிவிடும்?

*

இதில் மேலாளர் செய்ய வேண்டியது உண்டு, நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அண்ணன் பலமுறை கேட்டபிறகு பகல் ஷிஃப்டுக்குத் திரும்பிவிட்டார். ஆறாவது தடவையாக விட்டிருக்கிறார். இந்த முறை மருத்துவர் சொன்ன நிக்கோட்டின் கம்மும் சட்டைப் பையில் இருக்கிறது. துணி பக்கெட்டும் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. இது நிற்குமா என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

காலை ஆறரை மணி அவர் பாடு. பத்தரை மணி நம்முடையது. உங்கள் பக்கத்து சீட்டில் சமீபத்தில் சிகரெட்டை விட்டவர் யாராவது இருந்தால், "மனசு வச்சா முடியும்" என்று சொல்லி ஊக்கப்படுத்த வேண்டாம். அந்த நேரத்தில் அவர் திரையைப் பார்த்தபடி விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார். எழுந்து போய், "வாங்க, சும்மா வெளிய நின்னுட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். எங்கே என்று கேட்டால் வெயில் பக்கமாக எங்கேயாவது என்று சொல்லுங்கள்.